சோற்றில் எவ்வளவு பூசணிக்காயை மறைக்கலாம்? மறைவுத் தொடர்பின் எல்லைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தியை யாரும் படிக்க முடியாமல் செய்வது ஒரு கலை, அதுதான் மறையாக்கம். செய்தி போனதே யாருக்கும் தெரியாமல் செய்வது வேறொரு கலை. இரண்டாவதைத்தான் இங்கே மறைவுத் தொடர்பு என்று சொல்கிறேன். தகவல் தொடர்புப் பொறியியல் படிக்கும் மாணவர்களும் நண்பர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்கு வருகிறது; ஆனால் கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

நல்ல மறையாக்கம் இருக்கும்போது இது எதற்கு?

பூட்டிய பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு போகிறார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் பெட்டி போவது தெரிகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதும் தெரிகிறது. பல நேரங்களில் எதிரிக்கு அதுவே போதும்.

இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலில் இதுதான் நடந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் தங்கள் செய்திகளை எனிக்மா என்ற மறையாக்கக் கருவி கொண்டு மறையாக்கி, சில வினாடிகளில் முடியும் குறுஞ்செய்திகளாக அனுப்பின. அவ்வளவு குறுகிய நேரத்தில் திசையைக் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினார்கள். நேச நாட்டுக் காவல் கப்பல்களில் இருந்த உயர் அதிர்வெண் திசைகாட்டிக் கருவியோ, சிக்னல் வந்த திசையைத் திரையில் ஒரு கோடாக உடனே காட்டிவிட்டது. செய்தியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. கோடு காட்டிய பக்கம் கப்பலைத் திருப்பினால் போதும்.

இந்தக் கணக்கில் வரும் ஆலிஸ், பாப், வில்லி யார்?

ஆலிஸ் அனுப்புகிறவர், பாப் பெறுகிறவர். வில்லி என்பவர் வார்டன். 1983இல் கஸ்டவஸ் சிம்மன்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சிறையில் இருக்கும் இரண்டு பேர் வார்டன் கண்ணெதிரே தப்பிக்கத் திட்டம் போட வேண்டியிருந்தது. அந்தக் காட்சியிலிருந்து வந்த வேடம் இது.

வில்லியைப் பற்றி ஒன்று முக்கியம். அவரை நாம் சாதாரண ஆளாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த அலைவரிசை, எந்த நேரம், எந்த முறை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். கணினி வலிமைக்கும் குறைவில்லை. தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: ஆலிஸும் பாபும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவி. அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் ஒன்றே ஒன்று. "ஆலிஸ் பேசினாரா, சும்மா இருந்தாரா?"

வர்க்கமூல விதி என்றால் என்ன?

"முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது" என்று திட்டுவோம் இல்லையா? முழுக் காய் மறையாது. துண்டு மறையும். எவ்வளவு சோற்றில் எவ்வளவு துண்டு மறையும் என்பதுதான் கேள்வி. சோறு இரட்டிப்பானால் மறையும் பூசணியும் இரட்டிப்பாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி ஆவதில்லை. சோறு 100 மடங்கு ஆனால் மறையும் பூசணி 10 மடங்குதான் ஆகும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் இருந்த பூலாட் பாஷ், டென்னிஸ் கேக்கல், டான் டவ்ஸ்லி மூவரும் 2013இல் ரேடியோ போன்ற இரைச்சல் கலந்த தடங்களுக்கு, அதாவது சிக்னல் போகும் பாதைகளுக்கு, இதை நிறுவினார்கள். தடத்தை எத்தனை முறை பயன்படுத்துகிறோமோ, அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற அளவு பிட்டுகளைத்தான் மறைவாக, பிழையில்லாமல் அனுப்ப முடியும். அதற்கு மேல் ஆசைப்பட்டால், ஒன்று வில்லி கண்டுபிடிப்பார், இல்லை பாபுக்குச் செய்தி பிழையாகப் போகும். எவ்வளவு சாமர்த்தியமான முறையாக இருந்தாலும் இந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும்.

அது ஏன் குறிப்பாக வர்க்கமூலம்?

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுங்கள். தலை 50 வரும் என்று எதிர்பார்ப்போம். 46 வந்தாலும் 55 வந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் அதன் இயல்பான ஆட்டம், அதாவது திட்ட விலக்கம், 5. இப்போது 10,000 முறை சுண்டுங்கள். எதிர்பார்ப்பு 5,000, இயல்பான ஆட்டம் 50. சுண்டல்கள் 100 மடங்கு கூடின, ஆட்டம் 10 மடங்குதான் கூடியது. யாராவது இரண்டு மூன்று தலைகளைத் திருட்டுத்தனமாகச் சேர்த்தால் அந்த ஆட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஆட்டத்தைத் தாண்டிச் சேர்த்தால் மாட்டிக்கொள்வார்.

ரேடியோவிலும் இதே கதைதான். பழைய டிரான்சிஸ்டரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தினால் உஸ்ஸென்று கேட்குமே, அதுதான் இரைச்சல். வில்லி அதன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகிறார். மொத்தம் நேரத்தோடு நேர் விகிதத்தில் வளரும். அதன் ஆட்டம் நேரத்தின் வர்க்கமூலமாக மட்டும் வளரும். ஆலிஸ் செலவழிக்கக்கூடிய ஆற்றல் முழுவதும் அந்த ஆட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். சிக்னல் இவ்வளவு மெலிந்திருக்கும்போது அனுப்பக்கூடிய பிட்டுகள் ஆற்றலுக்கு நேர் விகிதமாக இருக்கும் என்பது தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷேனனின் 1948ஆம் ஆண்டுச் சூத்திரத்திலிருந்து வருகிறது. ஆற்றல் வர்க்கமூலம் என்றால் பிட்டும் வர்க்கமூலம்தான்.

உண்மையான எண்களில் சொல்லுங்கள். எவ்வளவு அனுப்பலாம்?

இந்த ஒரு கணக்கை மெதுவாகப் போட்டுப் பார்ப்போம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

வினாடிக்கு 10 லட்சம் மாதிரிகள் போகும் ஒரு தடம். ஒரு மாதிரி என்றால் தடத்தை ஒரு முறை பயன்படுத்துவது. பாபுக்கும் வில்லிக்கும் ஒரே அளவு இரைச்சல். ஒரு மாதிரியில் இரைச்சலின் சராசரி ஆற்றலை 1 என்று வைப்போம். ஒரு வினாடியில் வில்லி கூட்டும் மொத்தம் சுமார் 10,00,000. அதன் இயல்பான ஆட்டம், 20 லட்சத்தின் வர்க்கமூலம், சுமார் 1,414. ஆலிஸ் எச்சரிக்கையாக அந்த ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும், அதாவது 141ஐ, எடுத்துக்கொள்கிறார். அதை 10 லட்சம் மாதிரிகளிலும் சமமாகப் பரப்புகிறார். ஒவ்வொரு மாதிரியிலும் அவருடைய சிக்னல் இரைச்சலில் சுமார் 7,000இல் ஒரு பங்கு.

வில்லிக்கு என்ன கிடைக்கும்? ஆலிஸ் பேசியிருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் சரியாக இருக்கும். உலகத்திலேயே சிறந்த கருவியை வைத்துக்கொண்டு சொன்னாலும் 52 சதவீதம்தான். மறைவு என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான்.

பாபுக்கு என்ன கிடைக்கும்? ஷேனன் சூத்திரப்படி அதிகபட்சம் சுமார் 102 பிட். கணினியில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடின் வழக்கமான வடிவத்தில் 24 பிட் பிடிக்கும். "நலம்" என்பதில் ந, ல, ம, புள்ளி என நான்கு குறிகள், 96 பிட். போய்விடும். "அம்மா" என்பதில் ஐந்து குறிகள், 120 பிட். போகாது. மறைவைப் பற்றிக் கவலைப்படாமல், இரைச்சலுக்குச் சமமான வலிமையில் பேசினால் அதே வினாடியில் ஐந்து லட்சம் பிட் போயிருக்கும்.

அதே எச்சரிக்கையோடு ஒரு நாள் முழுக்கப் பேசினால்? 86,400இன் வர்க்கமூலம் 294. ஆக சுமார் 30,000 பிட், நான்கு கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு வருடம் முழுக்க இடைவிடாமல் பேசினால் சுமார் 72 கிலோபைட். வாட்ஸப்பில் வரும் ஒரு சாதாரணப் புகைப்படமே பெரும்பாலும் இதைவிடப் பெரிது. உண்மையான கருவிகளில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் இவ்வளவு மெல்லிய சிக்னலோடு பாப் நேரத்தையும் அலைவரிசையையும் ஒத்திசைத்துக்கொள்வதே பெரும்பாடு.

சரி, ஒரு வினாடிக்கு 102 பிட் பத்திரம் என்றால், தினமும் ஒரு வினாடி பேசினால் போதுமே?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. தினமும் காலை 6 மணிக்கு ஒரு வினாடி, 100 நாட்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு நாளும் தனியாகப் பார்த்தால் பத்திரம்தான். ஆனால் வில்லி அந்த 100 வினாடிகளையும் அடுக்கிவைத்துக் கூட்டுவார். ஆலிஸின் ஆற்றல் 100 மடங்கு சேர்ந்திருக்கும், ஆட்டம் 10 மடங்குதான் வளர்ந்திருக்கும். வில்லியின் கணிப்பு இப்போது 69 சதவீதம் சரி. இப்படி 10,000 வினாடிகள் சேர்ந்துவிட்டால் ஆலிஸின் பங்கு இயல்பான ஆட்டத்தைப்போல் 10 மடங்கு, தப்பவே முடியாது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே வில்லியின் பக்கம்தான் வேலை செய்கிறது.

ஆகவே மறைவைப் பூட்டு மாதிரி நினைக்காதீர்கள், கையிருப்பு மாதிரி நினையுங்கள். ஒவ்வொரு பேச்சும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. பொறுமையுள்ள வில்லிதான் ஆபத்தானவர். விலை உயர்ந்த கருவி வைத்திருக்கும் அவசரக்காரரைவிட, பழைய கருவியோடு பல மாதம் உட்கார்ந்திருப்பவர் அதிகம் கண்டுபிடிப்பார்.

நேரத்தை ரகசியமாக மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் உதவும். எந்த வினாடி என்று வில்லிக்குத் தெரியாவிட்டால் அவர் நாள் முழுக்கத் தேட வேண்டும். பாஷ் குழுவினர் 2014இல் இதற்கும் கணக்குப் போட்டார்கள். சாத்தியமான நேரங்களின் எண்ணிக்கையுடைய மடக்கை வர்க்கமூலத்துக்குள் ஒரு பெருக்கலாகச் சேர்கிறது. 86,400 வினாடிகளில் ஒன்று என்றால் அந்தப் பெருக்கல் சுமார் 3.4. லாபம்தான், ஆனால் பெரிய சொத்து இல்லை.

ரகசியச் சாவி கட்டாயமா?

எப்போதும் இல்லை. பாபுக்கு வில்லியைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்றால் சாவி இல்லாமலேயே வர்க்கமூல அளவுக்கு அனுப்ப முடியும். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாக் ஹோ சே, மயங்க் பக்ஷி, சித்தார்த் ஜக்கி ஆகியோர் 2013இல் ஒருவகைத் தடங்களுக்கு இதைக் காட்டினார்கள். 2016இல் மத்தியூ பிளாக், தேவைப்படும் சாவியின் நீளமும் வர்க்கமூல அளவுதான் என்று நிறுவினார். அதே ஆண்டில் லிகாங் வாங், கிரகரி வார்னல், லிஜாங் ஜெங் மூவரும் அந்த வர்க்கமூலத்துக்கு முன்னால் வரும் மாறிலியைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள்.

இந்த எல்லையைத் தாண்ட வழியே இல்லையா?

இருக்கிறது. வில்லியின் அறிவில் ஓட்டை இருந்தால் தாண்டலாம். இதுவரை போட்ட கணக்கில், இரைச்சலின் சராசரி சரியாக 1 என்று வில்லிக்குத் தெரியும் என்று வைத்தோம். நிஜத்தில் வெப்பநிலை மாறும், பக்கத்து மோட்டார் ஓடும், யாரோ வெல்டிங் செய்வார்கள். சராசரியே 0.9ஆ 1.1ஆ என்று அவருக்குத் தெரியாவிட்டால், எவ்வளவு நேரம் கூட்டினாலும் அந்தக் குழப்பம் தீராது. சிக்னலைக் கண்டறிவதில் இப்படி ஒரு சுவர் உண்டு என்று ராகுல் டண்ட்ராவும் அனந்த் சகாயும் 2008இல் விளக்கினார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றால் ஆலிஸ் வர்க்கமூல அளவைத் தாண்டி, நேரத்துக்கு நேர் விகிதமாகவே அனுப்பலாம். யாராவது ஒருவர் வேண்டுமென்றே இரைச்சலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாலும் இதே பலன் கிடைக்கும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இதை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. எதிராளியின் அறியாமையின்மேல் கட்டிய பாதுகாப்பு, அவர் இன்னொரு ஆன்டெனாவை வாங்கி வைத்த அன்றே போய்விடும். இரண்டு ஆன்டெனாக்களின் சிக்னலை ஒப்பிட்டால் இரைச்சலின் சராசரி தெரியாமலேயே பொதுவானதைப் பிரித்தெடுக்க முடியும்.

ஜிபிஎஸ் சிக்னல் இரைச்சலுக்கும் கீழேதானே வருகிறது? அது மறைவுத் தொடர்பு இல்லையா?

நல்ல கேள்வி. பொது ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வரும்போது, ரிசீவரின் இரைச்சலில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு தரவு பிட்டை அனுப்ப 20 மில்லிவினாடிகளில் 20,460 சின்னஞ்சிறு துடிப்புகள் செலவாகின்றன. துடிப்புகளின் வரிசை உங்கள் போனுக்குத் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் சரியாக அடுக்கிக் கூட்டி இரைச்சலுக்கு மேலே தூக்கிவிடுகிறது.

ஆனால் இரைச்சலுக்குக் கீழே இருப்பது வேறு, மறைந்திருப்பது வேறு. ஐம்பதில் ஒரு பங்கு என்பது நேரம் கூடக் கூடக் குறைவதில்லை, அப்படியே நிற்கிறது. நம் கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒரே வினாடியில் இயல்பான ஆட்டத்தைப்போல் 14 மடங்கு தாண்டிவிடும். வரிசையே தெரியாத வில்லிகூடக் கண்டுபிடித்துவிடுவார்.

படங்களுக்குள் செய்தியை ஒளித்தால்?

அங்கேயும் இதே விதி. ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ கெர் 2007 வாக்கிலேயே, படங்களில் ஒளிக்கும் செய்திக்கு வர்க்கமூல எல்லை உண்டு என்று காட்டினார். ரேடியோவுக்கு வருவதற்கு முன்பே விதி இங்கே இருந்தது. 100 மடங்கு படங்களைப் பகிர்ந்தாலும் 10 மடங்குதான் பத்திரமாக ஒளிக்கலாம்.

செய்தி அனுப்ப வேண்டாம், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று மட்டும் மறைவாகப் பார்க்க முடியுமா?

அதுதான் மறைவு உணர்தல். ரேடாரோ சோனாரோ லேசரோ, எதையாவது அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறோம். அனுப்புவது வில்லிக்குக் கேட்டுவிடக் கூடாது.

முதல் சிக்கல் வடிவியலில் இருக்கிறது. ரேடார் அலை போய்த் திரும்ப வேண்டும். எதிரொலியின் வலிமை தூரத்தின் நான்காம் அடுக்கில் விழுகிறது. வில்லிக்கோ ஒருவழிப் பயணம். அவருக்கு வரும் வலிமை தூரத்தின் இரண்டாம் அடுக்கில்தான் விழுகிறது. பார்வைத் தூரத்தை இரட்டிப்பாக்க ரேடாருக்கு 16 மடங்கு சக்தி வேண்டும், அந்த 16 மடங்கால் வில்லி நான்கு மடங்கு தூரத்திலிருந்தே கேட்டுவிடுவார். இருட்டில் டார்ச் அடிப்பவரின் நிலைமைதான்.

இரண்டாவது சிக்கல் அதே வர்க்கமூலம். பாஷ், கிறிஸ்டோஸ் கக்கட்சோஸ், அனிமேஷ் தத்தா, சைகத் குஹா ஆகியோர் 2017இல் ஒளி கொண்டு அளப்பதற்கு இதைக் கணக்கிட்டார்கள். சாதாரணமாக அளவீட்டுப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் அளந்தால் போதும். மறைவாக அளக்கும்போது மொத்த ஆற்றலே நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் வளர்கிறது என்பதால், அதே பிழையைப் பாதியாக்க 16 மடங்கு நேரம் வேண்டும். 10 சென்டிமீட்டர் துல்லியத்துக்கு ஒரு நிமிடம் ஆனது என்றால் 5 சென்டிமீட்டருக்கு 16 நிமிடம், இரண்டரை சென்டிமீட்டருக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல். அதற்குள் பார்க்க வந்த பொருளே நகர்ந்துவிடும்.

ஆனால் நேரத்துக்குப் பதிலாக அகலத்தைச் செலவழிக்கலாம். ஒளியை மிக அகலமான அலைவரிசையில் பரப்பினால், ஒரே வினாடிக்குள் மாதிரிகள் மிகப் பல மடங்கு கூடும். இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்தப் பாதைதான்.

எதையுமே அனுப்பாமல் பார்த்தால் எல்லையே கிடையாதே?

கிடையாது, அதனால்தான் அது இவ்வளவு பழைய உத்தி. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே ராபர்ட் வாட்சன்-வாட்டும் அர்னால்ட் வில்கின்ஸும் பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பையே விளக்காகப் பயன்படுத்தி, ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் ஒன்று வந்துபோவதைக் கண்டார்கள். போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் கிளைன் ஹைடல்பர்க் என்ற கருவி, பிரிட்டனின் ரேடார் அலைகளையே கடன் வாங்கி விமானங்களைப் பார்த்தது. வெளிச்சம் அடுத்தவருடையது, கண் மட்டும் நம்முடையது. வில்லிக்குக் கேட்க எதுவுமே இல்லை. ஒரே குறை, விளக்கு அணைந்தால் நாமும் குருடு.

வில்லியிடம் குவாண்டம் கருவி இருந்தால்?

இயற்கை தரும் இரைச்சல் கொஞ்சமாவது வேண்டும். தடத்தில் இரைச்சலே இல்லை, வழியில் தவறும் ஒவ்வொரு ஃபோட்டானையும், அதாவது ஒளித்துகளையும், வில்லி பிடிக்கிறார் என்றால் மறைவே சாத்தியமில்லை. ஒரு ஃபோட்டான் விழுந்தாலே ஆலிஸ் பேசினார் என்று அர்த்தம். வெப்ப இரைச்சல் இருந்தால் வர்க்கமூல விதி அப்படியே திரும்பி வருகிறது, வில்லிக்குக் குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் எந்தக் கருவி இருந்தாலும். பாஷும் கூட்டாளிகளும் இதை 2015இல் நிறுவி, ஒளியியல் சோதனையும் செய்து காட்டினார்கள்.

அறை வெப்பநிலையில் 10 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோஅலையில் ஒவ்வொரு அலைவடிவத்துக்கும் (நம் கணக்கின் ஒரு மாதிரி போல) 600க்கு மேற்பட்ட வெப்ப ஃபோட்டான்கள் உண்டு, ஒளிந்துகொள்ள அடர்ந்த காடு மாதிரி. கண்ணாடி இழையில் போகும் ஒளியிலோ அநேகமாகப் பூஜ்யம், வெட்டவெளி.

இதை வைத்து என் கைபேசி இருக்கும் இடத்தை மறைக்கலாமா?

முடியாது. 4ஜி கைபேசி 200 மில்லிவாட் வரை அனுப்பக்கூடியது. நீங்கள் பேசாவிட்டாலும் டவரோடு அவ்வப்போது தொடர்பு கொண்டு, தன் அடையாளத்தையும் சொல்கிறது. டவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றே வடிவமைத்த சிக்னல் அது. நீங்கள் பேசும் செயலி எவ்வளவு நன்றாக மறையாக்கினாலும் இது மாறாது. ஆபத்தான இடத்துக்குப் போகும் செய்தியாளர் யாராவது என்னிடம் கேட்டால், போனை வீட்டிலேயே அணைத்துவைத்துவிட்டுப் போங்கள், எப்போதும் போகிற நேரத்தில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.